ஆறுமுகன் சம்மதிக்கவில்லை

சஜிதாவின் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைகளைத் திருத்தத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவசரம் என்றால் பிள்ளைகள் வீதியைக் கடந்து எதிரே இருக்கும் நூலகத்துக்கு ஓடவேண்டும். ஆனால் பிள்ளைக்கொரு மடிக்கணினி வந்துவிட்டது. முன்னேற்றம் எந்த வாசலால் வரும் என்று யாருக்குத் தெரியும்? பிராங்பேர்ட்டின் அந்த ஓரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அது கழிப்பறை வாசலால் வரவில்லை, அவ்வளவுதான்.

மடிக்கணினி கொடுப்பதற்கென்றே ஒரு பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். சஜிதாவின் தகப்பன் தபோதரன் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்பவர். அன்று மாலை வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, மினுக்கிய சட்டையின் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு, மனைவி சுபானியோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். எங்கே போனாலும் பேனா கொண்டுபோக வேண்டும் என்பது ஜெர்மனி அவருக்குக் கற்பித்த முதல் பாடம். இந்த நாட்டில் கையெழுத்து வைக்காமல் ஒரு மனிதன் பிறக்கவும் முடியாது, வீடு மாறவும் முடியாது.

தலைமையாசிரியை பிராவ் லோரென்ஸ் எழுந்தார். கழுத்தில் பட்டுத் துணி, முகத்தில் தாய்மை.

"அன்பான பெற்றோர்களே, இந்தக் கணினியில் அவுகன்ஸ்டேர்ன் என்றொரு மென்பொருள் இருக்கிறது. இது உங்கள் பிள்ளையைக் கண்காணிக்காது. கண்காணிப்பு என்ற சொல்லையே எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாவிப்பதில்லை. இது உங்கள் பிள்ளையோடு கூட இருக்கும். பிள்ளை என்ன வாசிக்கிறது, எங்கே பார்க்கிறது, முகத்தில் சலிப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் அன்போடு கவனிக்கும். அன்பு ஓய்வெடுப்பதில்லை. ஆகவே இதுவும் ஓய்வெடுக்காது."

அவுகன்ஸ்டேர்ன் என்பது ஜெர்மன்காரர் பிள்ளைகளைக் கொஞ்சுவதற்கு வைத்திருக்கும் சொல். தமிழில் கண்மணி. இனி நாமும் அப்படியே கூப்பிடுவோம். பள்ளிக்கூடமே கொஞ்சும்போது நாம் ஏன் குறைக்க வேண்டும்.

அடுத்ததாகப் பேசியவர் ஹேர் கில்மான், பள்ளிக்கூடத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி. அவருடைய கண்டிப்பு ஊரறிந்தது. வகுப்புப் படம் எடுத்தால், உங்களுக்கு வரும் படத்தில் உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் முகம் இருக்கும். மற்றப் பிள்ளைகளின் முகங்களில் மஞ்சள் வட்டம் ஒட்டியிருக்கும். போன வருடம் அவர் வகுப்புச் சுவரிலிருந்த பிறந்தநாள் அட்டைகளைக் கழற்றினார். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் வயது ஏறியதில்லை.

"கண்மணி சேகரிப்பதை யாருமே பார்க்க முடியாது," என்றார் ஹேர் கில்மான். "பார்க்கக் கூடியவர்கள் பள்ளி நிர்வாகம், மென்பொருள் நிறுவனம், அந்த நிறுவனத்தின் கூட்டாளிகள் மட்டுமே. கூட்டாளிகள் யாரென்று எங்களுக்கே சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பு அந்த அளவுக்கு இறுக்கமானது."

கேள்வி கேட்கலாம் என்றார்கள். மடிக்கணினியின் பை எந்தச் சாயத்தில் தோய்த்தது என்று ஒரு தாய் கேட்டார். அது ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று ஒரு தகப்பன் கேட்டார். இரண்டுக்கும் நீண்ட விவாதம் நடந்தது, ஒரு குழுவும் அமைத்தார்கள். பிறகு சம்மதப் பத்திரம் வந்தது. பள்ளி நேரத்தில், வீட்டில், விடுமுறையில், சம்மதம், சம்மதம், சம்மதம் என்று பெட்டி பெட்டியாக இருந்தது. மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தபோதரனின் பேனா வெளியே வந்துவிட்டது.

"வாசிச்சுப் போட்டு வையுங்கோவன்," என்றாள் சுபானி.

"பிள்ளை படிக்குதோ எண்டு பாக்கிறதுக்கு வாசிக்க என்ன இருக்கு? நாங்கள் காசு குடுத்துச் செய்ய வேண்டியதை அவங்கள் சும்மா செய்யிறாங்கள்," என்றார் தபோதரன். எல்லாப் பெட்டியிலும் கீறி, முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிராவ் லோரென்ஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப் போல எல்லாப் பெற்றோரும் இருக்க வேண்டும் என்றார். ஜெர்மனியில் ஒரு தலைமையாசிரியை தன்னைப் புகழ்ந்ததை அவர் ஒரு கிழமைக்கு மேல் மறக்கவில்லை.

பெற்றோருக்கென்று தொலைபேசியில் ஒரு செயலியும் தந்தார்கள். பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்கிறது என்பதை அது பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டும். விரும்பினால் படமும் காட்டும். தபோதரன் விமான நிலையத்தில் தேநீர் இடைவேளைக்கு உட்கார்ந்ததும் அதைத் திறப்பார். மகள் கணினியின் முன்னால் இருப்பாள். பச்சை என்றால் இன்னொரு பிஸ்கட் எடுப்பார். கூட வேலை செய்யும் தவராசாவின் மகன் படிப்பது வேறு பள்ளிக்கூடம். அங்கே இப்படி ஒரு வசதி இல்லை. அதில் தவராசாவுக்குப் பெரிய மனக்குறை. "உங்கடை பள்ளிக்கூடம் பிள்ளையளிலை அக்கறையான பள்ளிக்கூடம் அண்ணை," என்பான். தபோதரன் அடக்கமாகத் தலையசைப்பார்.

வீட்டில் வேறு விதமாக இருந்தது. சஜிதா முன்பெல்லாம் குப்புறக் கிடந்து படிப்பாள், நடந்து படிப்பாள், கணக்கு வராவிட்டால் தனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் அதைத் திட்டுவாள், வந்துவிட்டால் பாடுவாள். கண்மணி வந்த பிறகு கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. திட்டும் நின்றது. சுபானி, மகளைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட நைட்டியை மாற்றி, தலையை இழுத்துவிட்டுக்கொண்டு போகத் தொடங்கினாள். தன் வீட்டு அறைக்குள் போகத் தான் உடுத்திக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சல்.

ஒருநாள் சஜிதா தாயின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்துக் கணினியின் கமராவில் ஒட்டிவிட்டாள். அடுத்த நிமிடமே தபோதரனின் தொலைபேசி பதறியது: கண்மணிக்குக் கண் தெரியவில்லை, பெற்றோர் உடனடியாக உதவவும். தபோதரன் வேலை முடிந்து வந்து, சப்பாத்துக் கழற்ற முதல் பொட்டைக் கழற்றினார்.

"படிக்கிற பிள்ளை ஏன் ஒளிக்க வேணும்?" என்று கேட்டார்.

சஜிதா பதில் சொல்லவில்லை. கண்மணி கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், திருத்திக்கொண்டிருந்த கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் வெடித்துப் பள்ளிக்கூடமே நனைந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குச் சோதனையை வீட்டிலிருந்தே எழுதும்படி சொன்னார்கள். சஜிதாவுக்கு அது சும்மா சோதனை இல்லை. அதில் நல்ல புள்ளி வந்தால்தான் மேல்வகுப்பு. மேல்வகுப்பு கிடைத்தால்தான் பல்கலைக்கழகம். பிள்ளை சரக்குப் பெட்டி தூக்காத வாழ்க்கை வாழவேண்டும் என்பதைத் தவிரத் தபோதரனுக்கு இந்த நாட்டில் வேறு நேர்த்தி இல்லை.

கதவு பூட்டிய அறை வேண்டும், வேறு ஆட்கள் இருக்கக் கூடாது என்பது விதி. சஜிதாவின் அறைக்குப் பக்கத்து வீட்டில் சுவர் துளைத்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பறைக்குக் கதவே இல்லை. மிஞ்சியது சாமியறை. வீட்டுச் சொந்தக்காரர் சாமான் போட்டு வைக்கக் கட்டிய அறை அது. தபோதரன் ஆறுமுகசாமி படத்தை மாட்டிச் சாமியறை ஆக்கியிருந்தார். வள்ளி தெய்வானையோடு மயிலில் இருக்கும் பெரிய படம். சாமிக்கு முகம் கொடுத்துப் பிள்ளை இருக்கட்டும் என்றாள் சுபானி. ஆனால் மின்சாரச் செருகி எதிர்ச்சுவரில்தான் இருந்தது.

"பின்னாலை நிண்டு பாக்கட்டும். அவருக்கு எந்தப் பக்கத்தாலையும் தெரியும்," என்று தபோதரன் தீர்ப்புச் சொன்னார். விளக்கேற்றினார்கள். பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினார்கள். கதவைச் சாத்திவிட்டு இருவரும் குசினியில் மூச்சு விடாமல் இருந்தார்கள்.

சோதனை முடிந்து வெளியே வந்த சஜிதா, எல்லாம் செய்துவிட்டேன் என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

இரண்டு நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து கண்மணியின் அறிக்கை வந்தது. விளக்குச் சுடர் ஆட ஆடப் படத்திலுள்ள முகங்களும் ஆடியிருக்கின்றன. ஆடுவதெல்லாம் உயிரோடிருப்பவை என்று கண்மணி முடிவு செய்திருந்தது. மாணவிக்குப் பின்னால் அனுமதியில்லாத எட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் மிக நெருங்கி நிற்கிறார்கள். முகச் சாயலைப் பார்த்தால் சகோதரராக இருக்கலாம். பல கைகளால் சைகை காட்டுகிறார்கள். ஒருவரிடம் கூரிய நீண்ட ஆயுதம் இருக்கிறது. பெரிய பறவை ஒன்று. பாம்பு ஒன்று, கூட்டில் அடைக்கப்படவில்லை. மூடாத நெருப்பு. மாணவியின் நெற்றியில் சாம்பல். தீக்காயமா என்று பார்க்கவும். இவ்வளவுக்கும் கீழே, சோதனையில் மோசடி முயற்சி, புள்ளி ஆறு என்று இருந்தது. ஜெர்மனியில் புள்ளி ஒன்றிலிருந்து தொடங்கும், ஒன்றுதான் ஆகச் சிறந்தது. ஆறுக்குக் கீழே போக இடமில்லை.

சஜிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம்கூட வரவில்லை. உள்ளே கணினி திறந்திருந்ததுதான் காரணம் என்பது சுபானிக்கு விளங்கியது, தபோதரனுக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தெர்மீன், அதாவது சந்திக்க நேரம், எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். அது எங்கள் கடவுளின் படம், சுவரில் தொங்குவது, சோதனையில் உதவி செய்யவில்லை என்று தபோதரன் தன்னிடமிருந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்து விளக்கினார். பிராவ் லோரென்ஸ் கண்ணை மூடித் திறந்தார்.

"எங்கள் பள்ளிக்கூடம் எல்லாச் சமயங்களையும் மதிப்பது," என்றார். "அதனால்தான் உங்கள் கடவுள் அந்த அறையில் இருக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் உங்கள் நம்பிக்கையை அவமதித்தவளாவேன். இருந்தார் என்று ஏற்றுக்கொண்டால், சோதனை நடந்த அறையில் வேறொருவர் இருந்திருக்கிறார். அவர் எல்லாம் அறிந்தவர் என்று கேள்விப்படுகிறேன். கணக்கும் அறிந்திருப்பார் அல்லவா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரியாது என்றால் சாமி குற்றம், தெரியும் என்றால் பள்ளிக்கூடக் குற்றம்.

அந்தப் படத்தைக் காட்டுங்கள், நாங்களே விளக்கிச் சொல்கிறோம் என்றாள் சுபானி. ஹேர் கில்மான் இரண்டு கையையும் தூக்கினார். படத்தில் அந்நியர் எட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்ட முடியாது. எங்கள் வீடு, எங்கள் சுவர், எங்கள் படம் என்றாள் சுபானி. முகம் அவர்களுடையது என்றார் ஹேர் கில்மான்.

"நானே இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கோப்பு தற்செயலாகத் திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மனிதனின் முகம் புனிதமானது. அவனைக் கேட்காமல் அவன் முகத்தைப் பார்க்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. இது என் வாழ்க்கைக் கொள்கை." மேசையில் அவருடைய கணினித் திரை முழுவதும், நானூறு வீடுகளில் நானூறு பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்று பச்சையும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்தது.

வழி ஒன்று உண்டு என்றார்கள். எட்டு முகமும் சம்மதம் தந்தால் குழு படத்தைப் பார்க்கும். பார்த்தால் அது வெறும் படமா இல்லையா என்று முடிவு செய்யும். அவர்களால் கையெழுத்து வைக்க முடியாவிட்டால் சட்டபூர்வமான பிரதிநிதி வைக்கலாம். ஆறு முகமும் ஒரே ஆளுடையவை என்று தபோதரன் சொல்லிப் பார்த்தார். விதியில் ஆள் என்று இல்லை, முகம் என்றுதான் இருக்கிறது என்று எட்டுப் பத்திரங்களை எண்ணிக் கொடுத்தார் ஹேர் கில்மான். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் வரவேண்டும். அதற்குப் பிறகு ஆறு ஆறுதான்.

கடவுளிடம் போகுமுன் நகரசபையிடம் போய்ப் பார்ப்போம் என்று தபோதரன் நினைத்தார். எங்கள் வீட்டில் அப்படி எட்டுப் பேர் குடியில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கினால் முடிந்தது. அங்கிருந்த பெண் அன்பானவள். பெயர் கேட்டாள், எழுதினாள். பிறந்த திகதி கேட்டாள். வைகாசி விசாகம் என்றார் தபோதரன். வருடம் தெரியாது. அப்படியானால் அந்த ஆள் எவ்வளவு காலமாக உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து என்று இவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இவ்வளவு காலமும் பதியாமல் வைத்திருந்ததற்குத் தண்டப்பணம் உண்டு என்று அவள் விரலை நனைத்துப் புத்தகத்தைப் புரட்டும்போது, கார் நிறுத்திய இடம் சரியில்லை என்று சொல்லி இவர் வெளியே வந்துவிட்டார்.

முருகன் கோயில் ஒரு பழைய தளபாடக் களஞ்சியத்தில் இருந்தது. அதை நடத்துவது சங்கம். சங்கத் தலைவர் நாகமுத்து. நாகமுத்து அண்ணைக்குப் பத்திரங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"இதைத்தான் தம்பி நான் கன காலமாத் தேடினனான்," என்றார். "ஜெர்மன் அரசாங்கம் முருகனிட்டைச் சம்மதம் கேக்குது. அப்ப முருகன் இருக்கிறார் எண்டு எழுத்திலை ஒத்துக்கொண்டிட்டாங்கள். இதைக் காட்டிக் கோபுரத்துக்கு அனுமதி எடுக்கலாம். தாரும், எட்டிலையும் ஓம் எண்டு போட்டுச் சீல் அடிக்கிறன்."

குருக்கள் உள்ளேயிருந்து வந்தார். சாமியைத் தொடுகிறவன் நான், சாமிக்காகக் கையெழுத்து வைக்கிறவர் நீங்களோ என்று கேட்டார். பதிவிலே என் பெயர்தான் இருக்கிறது, நீர் சங்கத்தின் ஊழியர் என்றார் நாகமுத்து. இருவரும் கொஞ்ச நேரம் பழைய கணக்கெல்லாம் தீர்த்தார்கள். போன திருவிழாவில் யார் மாலை யாருக்கு முந்திப் போட்டது என்பது வரைக்கும் வந்தது. கடைசியில் குருக்கள் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"ஆர் கையெழுத்து வைச்சாலும் வையுங்கோ. முதல்லை அவரைக் கேட்டீங்களோ?"

உண்மைதான், ஒருவரும் கேட்கவில்லை.

பூக்கட்டிக் கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. சிவப்புத்தான் முருகனுக்கு உகந்தது, ஆகவே சிவப்புத்தான் சம்மதம் என்று நிர்வாக சபையில் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். கை தூக்கி வாக்கெடுத்து அதைத் தோற்கடித்தார்கள். குருக்கள் இரண்டு பூவையும் ஒரேமாதிரி இலையில் மடித்து நூலால் கட்டிச் சாமியின் காலடியில் வைத்தார். பூசை செய்தார். பிறகு, பிள்ளை ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று சஜிதாவைக் கூப்பிட்டார்.

சஜிதா கன நேரம் நின்றாள். அந்த முகங்களைத் தன்னுடைய கண்ணால் நேரே பார்த்துக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. குனிந்து ஒன்றை எடுத்தாள். குருக்கள் பிரித்தார். சிவப்புச் செவ்வரத்தை.

நாகமுத்துவின் கையிலிருந்த சீல் அப்படியே நின்றது. இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போமே, மூன்றிலே இரண்டு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"கேட்டாக் கேட்டதுதான். அவர் மாட்டன் எண்டிட்டார். இனி ஆரும் ஓம் எண்டு எழுதேலாது," என்றார் குருக்கள். நாகமுத்துவுக்கும் அதற்கு மேல் துணிவு வரவில்லை. எட்டுப் பத்திரத்திலும் சம்மதமில்லை என்று எழுதிச் சீல் அடித்தார். அடிக்கும்போது கோபுரம் அவர் கண்ணில் தெரிந்து மறைந்தது.

வெள்ளிக்கிழமை மூவருமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். தபோதரன் பத்திரங்களைத் தலை குனிந்து நீட்டினார். மகளின் எதிர்காலம் அதோடு முடிந்தது என்பதே அவருடைய எண்ணம். ஹேர் கில்மான் ஒவ்வொன்றாக வாசித்தார். எட்டாவதை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மறுப்பு," என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஒரு மறுப்பு வந்தால் என்ன செய்வது என்று நான் பயிற்சி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒருநாளும் வரவில்லை. சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காவிட்டால் அவருடைய முகத்தை உடனே அழிக்க வேண்டும். காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்ல. இல்லை என்பது முழுமையான பதில்."

அழித்தார். எட்டு முகத்துக்கும் எட்டுத் தடவை, ஆசை தீரப் பொத்தானை அழுத்தினார். முகங்கள் அழிந்ததும் ஆதாரமும் அழிந்தது. ஆதாரம் இல்லாமல் மோசடி என்று எழுதினால் ஆய்வுக்கு வரும்போது நமக்குத்தான் பிரச்சினை என்று பிராவ் லோரென்ஸ் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, எங்கள் பள்ளிக்கூடம் எப்போதும் பிள்ளைகளை நம்புவது என்றார். சஜிதாவின் விடைகளைத் திருத்தச் சொன்னார்கள். கணக்கு வாத்தியார் அங்கேயே திருத்தி, ஒன்று என்று போட்டார். சுபானி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். தபோதரன் ஆறுமுகா ஆறுமுகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஹேர் கில்மானுக்கு நல்ல மனம் வந்துவிட்டது. இப்போது அந்தப் படத்தில் அந்நியர் யாரும் இல்லை, இனி நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம் என்று திரையைத் திருப்பினார். பின்னால் எட்டு வெள்ளை வட்டங்கள். முன்னால் சஜிதா. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை அசைக்கப் பயந்து, சத்தம் போடாமல் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சோதனைக்கு முதல் அவள் அழுதது அன்றுதான் தாய் தகப்பனுக்குத் தெரிந்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. தலை வாரும் சஜிதா. கொட்டாவி விடும் சஜிதா. கட்டிலில் தாயின் மடியில் படுத்திருக்கும் சஜிதா. அதில் தாயின் இடத்தில் வெள்ளை வட்டம்.

"இதுகளையும் அழிப்பீர்களா?" என்று சஜிதா ஜெர்மனில் கேட்டாள்.

"உன்னுடையவற்றை ஏன் அழிக்க வேண்டும்?" என்று ஹேர் கில்மான் பாசத்தோடு கேட்டார். "உனக்குச் சம்மதம் இருக்கிறது. அப்பா தந்திருக்கிறார். முதல் ஆளாக."

திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடைத்தது. மூவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நல்ல புள்ளி வந்திருக்கிறது, சந்தோசமாக வரவேண்டிய ரயில். பழக்கதோசத்தில் தபோதரன் தொலைபேசியை எடுத்தார். சஜிதா அதைப் பார்த்தாள்.

"நீங்கள் வேலையிலை இருந்து என்னைப் பாக்கிறது எனக்குத் தெரியும் அப்பா," என்றாள்.

அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"சாமிக்கு வாய் இல்லை. அதுக்காகப் பூக்கட்டிக் கேட்டீங்கள். கையை நீட்டி எடுத்தது நான். அவர் மாட்டன் எண்டார், எல்லாரும் விட்டிட்டீங்கள். எனக்கு வாய் இருக்கு. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

தபோதரன் யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்த காலத்தில், ஒரு விடியற்காலை இராணுவத்தினர் ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. அந்த ஓட்டைக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அது தலையாட்டினால் ஆள் வீடு திரும்பமாட்டான். அன்று நடந்தபோது முகத்தை எப்படி வைத்திருப்பது என்று அவருக்குத் தெரியாமல் போனது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த முகத்தைத்தான் அவர் சற்று முன் திரையில் பார்த்தார். அதற்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தவர், தன் பிள்ளைக்குத் தானே ஒரு தலையாட்டியைக் கையெழுத்து வைத்து வாங்கிக் கொடுத்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அவள் மேல் இரக்கமாக இருந்தது.

"இப்ப கேக்கிறன் பிள்ளை," என்றார். "சம்மதமோ?"

"இல்லை."

திங்கட்கிழமை தபோதரன் மறுபடியும் ஹேர் கில்மானின் முன்னால் உட்கார்ந்தார். மடிக்கணினியை மேசையில் வைத்தார். கமராவின் மேல் சிவப்பு ஒட்டுப்பொட்டு இருந்தது. அது சஜிதா ஒட்டியது அல்ல. வீட்டிலிருந்து கிளம்பும்போது சுபானியிடம் கேட்டு வாங்கி இவரே ஒட்டியது. மகளின் சம்மதத்தைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறேன், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கவில்லை என்றார்.

ஹேர் கில்மான் வருத்தப்பட்டார். ஆறுமுகத்தின் விடயம் வேறு, அவர் வயது வந்தவர் என்றார். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை மறுப்பதென்றால் காரணம் வேண்டும், குழு கூடவேண்டும், மேல்வகுப்பில் கண்மணி இல்லாமல் எப்படி என்று யோசிக்க வேண்டும் என்றார். இல்லை என்பது முழுமையான பதில் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று தபோதரன் நினைவூட்டினார். அது உண்மைதான் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

"ஆனால் ஆறுமுகத்துக்காகப் பேசப் பதிவு செய்த ஒரு சங்கம் இருந்தது. தலைவர் இருந்தார். சீல் இருந்தது," என்றார் ஹேர் கில்மான். "உங்கள் மகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?"

"நான் நிற்கிறேன்," என்றார் தபோதரன்.

ஹேர் கில்மான் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மாணவிக்குப் பின்னால் நிற்பவர்: ஒருவர். முகம்: ஒன்று. பிறகு இழுப்பறையைத் திறந்து அந்த முகத்துக்கென்று புதிதாக ஒரு சம்மதப் பத்திரத்தை எடுத்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டி, அவர் முன்னால் தள்ளினார்.

தபோதரனின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் எடுக்கவில்லை.